ஆறாத புண்ணுக்குப் பெயர் என்ன?

வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல், விரல் நுழையும் அளவுக்கு மூன்று நான்கு துவாரங்கள் போட்டு, அவற்றின் வழியே குழாய்களை விட்டுப் பித்தப்பையை எடுத்துவிடும் ஆபரேஷன் இன்று சிற்றூர்களில்கூட நடக்கிறது. நல்ல காரியம்தான். வாரக்கணக்கில் படுத்திருக்க வேண்டியவர் இரண்டாம் நாளே வீடு திரும்புகிறார். கூலி போகாமல் தப்புகிறார். விஞ்ஞானம் உழைக்கும் மக்களுக்குச் செய்த உதவிகளில் இதுவும் ஒன்று என்பதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் அப்படி வீடு திரும்பியவர்களில் சிலருக்கு, எல்லாம் ஆறிவிட்டது என்று நினைத்திருக்கும்போது, மூன்றாம் வாரத்திலோ ஆறாம் வாரத்திலோ, தொப்புளருகே போட்ட துவாரத்தின் தழும்பு கெட்டிப்படுகிறது. சிவக்கிறது. கட்டி எழும்பி உடைந்து, நீர்த்த சீழ் கசிகிறது. காய்ச்சல் இல்லை. பசி குறையவில்லை. இரத்தப் பரிசோதனையிலும் பெரிதாக ஒன்றும் தெரிவதில்லை. புண் மட்டும் ஆற மறுக்கிறது.

"தையல் நூல் ஒத்துக்கொள்ளவில்லை" என்கிறார் ஒருவர். "உடம்புச் சூடு" என்கிறார் இன்னொருவர். ஒரு வாரத்துக்கு ஒரு மாத்திரை, மறு வாரத்துக்கு வேறு மாத்திரை. பிறகு ஊசி. பிறகு புண்ணைச் சுரண்டிக் கட்டு. இவ்வளவும் தோற்றபின் ஒருவர் சீழை ஸ்லைடில் தடவிச் சாயமிட்டுப் பார்க்கிறார்; காச நோய்க் கிருமியைப் போன்ற சிவந்த குச்சிகள் தெரிகின்றன. "ஆகா, காச நோய்!" என்று மாதக்கணக்கில் அதற்கான மருந்து கொடுக்கப்படுகிறது. புண் அப்படியே இருக்கிறது.

இத்தனை நாளும் யாரும் கேட்காத கேள்வி ஒன்றுண்டு. இந்தப் புண்ணில் இருக்கும் கிருமியின் பெயர் என்ன? இதைக் கேட்பது நோயாளியின் உரிமை. பதில் சொல்லக்கூடிய சோதனைச்சாலையை வைத்திருப்பது சர்க்காரின் கடமை. இதைத்தான் நாம் இங்கே வற்புறுத்த விரும்புகிறோம்.

கிருமியின் பூர்வீகம்

காச நோயை உண்டாக்கும் கிருமி மைக்கோபாக்டீரியம் என்னும் பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தில் இன்னும் பல வகைகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை மனிதனைத் தேடி வருவதில்லை. மண்ணிலும், குளத்திலும், குழாய்த் தண்ணீரிலும் தம் பாட்டுக்கு வாழ்கின்றன. இவற்றுள் ஒரு பிரிவைத்தான் வேகமாக வளரும் மைக்கோபாக்டீரியங்கள் என்கிறார்கள். காச நோய்க் கிருமி சோதனைச்சாலையில் வளர்ந்து கண்ணுக்குத் தெரிய வாரக்கணக்கில் ஆகும். இவை ஏழு நாட்களுக்குள் தெரிந்துவிடும். வேகம் என்பது இந்த அர்த்தத்தில்தான். நோய் வேகமாக முற்றும் என்பதல்ல.

இவை புதிதாக முளைத்தவையும் அல்ல. 1903-ல் பெர்லின் நகரத்து மீன் காட்சிச்சாலையில் ஒரு கடலாமையின் நுரையீரலிலிருந்து ப்ரீட்மன் என்பவர் ஒன்றைப் பிரித்தெடுத்தார். அதுவே இன்று கெலோனே என்று அழைக்கப்படுவது. 1938-ல் பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனீரோவில், ஊசி போட்ட இடத்தில் வந்த சீழ்க்கட்டியிலிருந்து டா கோஸ்டா க்ரூஸ் என்பவர் இன்னொன்றைக் கண்டெடுத்தார். அது ஃபார்ச்சூயிட்டம். 1953-ல் முழங்கால் கட்டியிலிருந்து பிரித்து வர்ணிக்கப்பட்டது மூன்றாவது. அதன் பெயர் அப்செசஸ்.

இந்த வரலாற்றில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊசித் துவாரம், கட்டி, வெட்டுப்பட்ட தோல்: மனிதன் தன் தோலைத் திறக்கும் இடத்தில், சுத்தமில்லாத நீரோ கருவியோ படும் நேரத்தில்தான் இந்தக் கிருமி பெரும்பாலும் உள்ளே வருகிறது. சாதாரணமாக இது ஒரு மனிதனிடமிருந்து இன்னொரு மனிதனுக்குத் தொற்றுவதில்லை. ஆகவே ஒரே ஆஸ்பத்திரியில் பலருக்கு இந்தப் புண் வந்தால், "உங்கள் வீட்டில் சுத்தமில்லை, உங்கள் உடம்பு சரியில்லை" என்று நோயாளியைக் கை காட்டுவது அநியாயம். தண்ணீரையும் கருவியையும்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

ரியோவில் நடந்தது

இதை நாம் வெறும் ஊகமாகச் சொல்லவில்லை. 1938-ல் இந்த வகைக் கிருமி ஒன்று கண்டுபிடிக்கப்பட்ட அதே ரியோவில், எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள்.

2004-ம் ஆண்டு தொடங்கி பிரேசிலின் வடக்கே பெலெம் நகரத்திலும், பிறகு நாட்டின் நடுவே கோயானியாவிலும், குழாய் விட்டுச் செய்யும் ஆபரேஷனுக்குப் பின் புண் ஆறாதவர்கள் கூட்டமாக வரத் தொடங்கினார்கள். அடுத்தது ரியோ. 2006 ஆகஸ்டிலிருந்து 2007 ஜூலை வரையிலான ஒரே ஆண்டில், ரியோ மாநிலத்தில் மட்டும் 63 ஆஸ்பத்திரிகளில் 1,051 பேருக்கு இந்த நோய் இருக்கலாம் என்று கணக்கில் வந்தது. அவர்களில் 197 பேருக்குச் சாயமிட்டுப் பார்த்தோ, கிருமியை வளர்த்தோ உறுதி செய்தார்கள். அப்செசஸ் இனத்தின் நெருங்கிய சொந்தமான மசிலியென்ஸ் என்ற வகை அது. வெவ்வேறு ஆஸ்பத்திரிகளில், வெவ்வேறு டாக்டர்களிடம் ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் உடம்பிலிருந்து எடுத்த கிருமிகளை ஒப்பிட்டபோது, அவை ஒரே வித்திலிருந்து வந்தவை போல் ஒத்திருந்தன.

எப்படி உள்ளே வந்தது? ஆபரேஷன் குழாய்களைக் குளுட்டரால்டிஹைடு என்னும் மருந்தின் 2 சதவிகிதக் கரைசலில் ஊற வைத்துச் சுத்தம் செய்வது உலகெங்கும் உள்ள வழக்கம். இந்தக் கிருமியோ அந்தக் கரைசலில் மூழ்கியும் சாகவில்லை. எந்த மருந்து காவல் காக்கும் என்று எல்லோரும் நம்பியிருந்தார்களோ, அந்த மருந்துக்கே அது பழகிப் போயிருந்தது.

பிரேசில் சர்க்கார் என்ன செய்தது? 2009 பிப்ரவரியில் அந்த நாட்டின் சுகாதாரக் கண்காணிப்பு அமைப்பான அன்விசா, உடலுக்குள் செல்லும் இத்தகைய ஆபரேஷன் கருவிகளை மருந்துக் கரைசலில் ஊற வைத்துக் கிருமி நீக்கும் முறையைத் தடை செய்தது. முதல் கூட்டம் தோன்றி நாலைந்து ஆண்டுகள் கழித்துத்தான் இந்தத் தடை வந்தது என்பது உண்மை. ஆயினும் வந்தது. எப்படி வந்தது? புண்ணிலிருந்து திசு எடுக்கப்பட்டது, கிருமி வளர்க்கப்பட்டது, பெயர் தெரிந்தது, எண்ணிக்கை வெளியிடப்பட்டது. ஆயிரம் பேருடைய புண்ணும் ஆயிரம் தனித்தனி துரதிர்ஷ்டங்களாகவே எண்ணப்பட்டிருந்தால், கரைசல் தொட்டி இன்றும் அதே இடத்தில் இருந்திருக்கும்.

ஏழை நாட்டு விவகாரமா?

"இதெல்லாம் வசதியில்லாத நாடுகளில் நடப்பது" என்று சிலர் சொல்லக்கூடும். அமெரிக்காவைப் பார்ப்போம். 2000-ம் ஆண்டு கலிபோர்னியாவில் நகங்களைச் சீர் செய்யும் ஓர் அழகு நிலையத்தில், காலைச் சுழல்நீர்த் தொட்டியில் ஊற வைத்த 110 வாடிக்கையாளர்களுக்குக் காலில் கட்டிகள் வந்தன. அங்கிருந்த பத்துத் தொட்டிகளிலும் ஃபார்ச்சூயிட்டம் இருந்தது. நீரை உறிஞ்சும் சல்லடைக்குப் பின்னால் முடியும் தோலும் அழுக்கும் சேர்ந்து கிடந்தன. போவதற்கு முன் காலைச் சவரம் செய்துகொண்டவர்களே அதிகம் பாதிக்கப்பட்டார்கள். பிளேடு கீறிய தோல் கிருமிக்கு வாசலாயிற்று. அதே கலிபோர்னியாவின் அனஹைம் நகரத்தில் 2016-ல், பல் சிகிச்சைக்குப் போன பல குழந்தைகளுக்கு, சிகிச்சையில் பாய்ச்சிய தண்ணீர் வழியாக அப்செசஸ் வந்து தாடையைத் தாக்கியது.

பணக்கார நாடு, ஏழை நாடு என்ற பேதம் இந்தக் கிருமிக்கு இல்லை. சுத்தம் செய்யும் வேலையை எங்கே சுருக்குகிறார்களோ, அங்கே அது குடியேறுகிறது. நம் நாட்டிலும் துவார ஆபரேஷனுக்குப் பின் வரும் இந்தப் புண்களைப் பற்றிப் பல நகரங்களின் டாக்டர்கள் மருத்துவ ஏடுகளில் எழுதி வருகிறார்கள். ஒரே கரைசலை நாள் கடந்தும் பயன்படுத்துவது, ஊற வைத்த கருவியைக் குழாய்த் தண்ணீரில் அலசுவது, ஒரே ஜதைக் கருவியைக் கொண்டு அடுத்தடுத்து ஆபரேஷன் செய்வது ஆகியவற்றைத்தான் அவர்கள் திரும்பத் திரும்பச் சுட்டுகிறார்கள். கடைசியில் அலசும் தண்ணீரிலேயே கிருமி இருந்தால், முன்னே செய்த சுத்தமெல்லாம் வீண்தானே?

இங்கே ஒரு எச்சரிக்கை. இப்படி ஒரு குற்றம் வெளிப்பட்டால், கருவி கழுவும் ஊழியரின் தலையில் பழியைப் போட்டு முடித்துவிடுவது மேலே இருப்பவர்களுக்குச் சுலபம். அவருக்கு ஒரு ஜதைக் கருவியும் இருபது நிமிஷ அவகாசமும் கொடுத்து, அடுத்த நோயாளியை மேஜையில் படுக்க வைத்தது யார்? நீராவிக் கொதிகலனுக்குப் பதிலாகக் கரைசல் தொட்டியை வாங்கிக் கொடுத்தது யார்? அந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்காமல் ஊழியரைத் தண்டிப்பது நியாயமாகாது.

கண்டுபிடிப்பது எப்படி?

இந்த நோயைக் கண்டுபிடிப்பது பெரிய மாயவித்தை அல்ல. ஆனால் கண்டுபிடிக்க வேண்டும் என்ற எண்ணம் முதலில் வேண்டும்.

சாதாரணச் சீழ்க் கிருமிகள் ஓரிரு நாளில் வளர்ந்துவிடும். ஆகவே பல சோதனைச்சாலைகளில் 48 மணி நேரம் பார்த்துவிட்டு, "கிருமி வளரவில்லை" என்று எழுதித் தட்டைக் கொட்டிவிடுகிறார்கள். நம் கிருமியோ மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் தலை காட்டும். சில சமயம் அதற்கும் மேலாகும். கொட்டிய தட்டோடு நோயாளியின் பதிலும் குப்பைக்குப் போய்விடுகிறது! "வேகமாக வளரும் மைக்கோபாக்டீரியமாக இருக்கலாம்" என்று டாக்டர் சீட்டில் ஒரு வரி எழுதினால், சோதனைச்சாலை காத்திருக்கும்.

மேலாகப் பஞ்சால் துடைத்து அனுப்புவது போதாது. புண்ணின் ஆழத்திலிருந்து சீழை ஊசியால் உறிஞ்சியோ, சிறு திசுத் துண்டை வெட்டியோ அனுப்ப வேண்டும். கெலோனே போன்றவை உடல் வெப்பத்தைவிடக் குறைந்த, 30 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில்தான் நன்றாக வளரும். ஆகவே இரண்டு வெப்பத்திலும் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஸ்லைடில் சிவந்த குச்சிகள் தெரிந்தால் அது மைக்கோபாக்டீரியம் குடும்பம் என்ற சந்தேகம் எழும். காச நோய்தான் என்று சொல்ல அந்தச் சாயத்தால் முடியாது. இன்று மாவட்டங்களில் உள்ள ஜீன்எக்ஸ்பர்ட் கருவி காச நோய்க் கிருமியை இரண்டு மணி நேரத்தில் அடையாளம் காட்டுகிறது. ஸ்லைடில் குச்சிகள் உண்டு, அந்தக் கருவியோ காச நோய் இல்லை என்கிறது என்றால், அங்கேயே நின்று யோசிக்க வேண்டும். அப்போது காச நோய் மருந்தைத் தொடங்குவது இருட்டில் கல் எறிவதாகும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தண்ணீரில் வாழும் கிருமி ஆனதால், நுரையீரலில் நோய் இல்லாதவரின் சளியிலும் அது ஒரு முறை தெரியக்கூடும். ஒரே ஒரு சளிச் சோதனையை வைத்து ஒருவரை நோயாளி ஆக்கிவிடக் கூடாது. வெவ்வேறு நாளில் எடுத்த சளியில் குறைந்தது இரண்டு முறை அது வளர வேண்டும். படத்திலும் உடம்பிலும் நோயின் அடையாளம் இருக்க வேண்டும்.

பெயர் தெரிந்தால் என்ன லாபம்?

"பெயரில் என்ன இருக்கிறது? மருந்தைக் கொடுங்கள்" என்று அவசரப்படுபவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். காச நோயின் முதல் வரிசை மருந்துகளான ஐஸோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு ஆகியவை இந்தக் கிருமிகளிடம் பலிப்பதில்லை. நோயாளி ஆறு மாதம் விழுங்குகிறார், கல்லீரல் சுமக்கிறது, கிருமி தன் பாட்டுக்கு இருக்கிறது.

மூன்று சகோதரர்களுக்கும் ஒரே மருந்தும் கிடையாது. ஃபார்ச்சூயிட்டம் சற்றுச் சாது. அமிக்காசின் ஊசிக்கும், சிப்ரோஃப்ளாக்சசின் வகை மாத்திரைகளுக்கும், சல்பா மருந்துகளுக்கும் பெரும்பாலும் அடங்கும். கெலோனேவுக்கு டோப்ராமைசினும் கிளாரித்ரோமைசினும் உதவும். அப்செசஸ் முரடன், அமிக்காசினோடு இமிபெனம் அல்லது செஃபாக்சிட்டின் ஊசிகளையும் சேர்த்துப் போராட வேண்டியிருக்கும். அதிலும் ஒரு சூழ்ச்சி உண்டு. அப்செசஸ் கிருமிகளில் பல, கிளாரித்ரோமைசினை முதலில் கண்டபோது பணிந்தது போல் காட்டி, மருந்தோடு சில நாள் பழகியபின் எதிர்ப்பைக் கிளப்பும். ஆகவே அந்த மருந்துச் சோதனையை மூன்றாம் நாளில் முடித்துவிடாமல் 14 நாள் வரை பார்க்க வேண்டும். ரியோவில் பரவிய மசிலியென்ஸ் வகையிடமோ இந்தச் சூழ்ச்சி வேலை செய்வதில்லை. அதற்கு அதே கிளாரித்ரோமைசின் நல்ல ஆயுதம். பெயரில் எவ்வளவு இருக்கிறது பார்த்தீர்களா?

ஒரே மருந்தைத் தனியாகக் கொடுத்தால் கிருமி அதை வென்றுவிடும். கடுமையான நோய்க்குக் குறைந்தது இரண்டு மருந்து சேர்ந்து போக வேண்டும். தோலிலும் தசையிலும் ஆழமாகப் பரவிய நோய்க்கு நான்கு மாதமாவது, எலும்பைத் தொட்டிருந்தால் ஆறு மாதமாவது சிகிச்சை தேவைப்படும். நுரையீரல் நோய்க்கு, சளியில் கிருமி மறைந்த பிறகும் ஓராண்டு வேண்டும். சீழ்ப்பையைத் திறந்து, கெட்ட திசுவை வெட்டியெடுத்து, உள்ளே அந்நியப் பொருள் இருந்தால் அதையும் அகற்றாமல் மருந்து மட்டும் ஜெயிப்பது கடினம். அமிக்காசின் காதையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடியது; காது கேட்கும் திறனையும் இரத்தத்தையும் அவ்வப்போது பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும்.

மாதக்கணக்கில் ஊசி போட தினமும் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டிய ஒரு கட்டிடத் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். ஊசி விலை ஒரு பக்கம். போன கூலி இன்னொரு பக்கம். ஆபரேஷனுக்கு வாங்கிய கடனே அடையாதபோது இந்தச் செலவை அவர் எங்கிருந்து கொடுப்பார்? பாதியில் நிறுத்துவார். நோய் திரும்பும். அவரைக் "கவனக்குறைவானவர்" என்று சீட்டில் எழுதி அனுப்புவார்கள்.

"அபூர்வ நோய்க்கு ஏன் செலவு?"

அதிகாரிகள் சொல்லக்கூடிய பதில் நமக்குத் தெரியும். காச நோயே தலைக்கு மேல் கிடக்கிறது. அபூர்வமான இந்த நோய்க்குச் சோதனைச்சாலை எதற்கு? இந்த வாதத்தில் ஒரு பகுதி நியாயம் இருக்கிறது. காச நோயே பெரிய எதிரி. அதற்கான பணத்தில் ஒரு காசும் குறையக் கூடாது. ஆனால் தேடாத நோய் எப்போதும் அபூர்வமாகத்தான் தெரியும். மேலும், காச நோயையும் இதையும் பிரித்துச் சொல்லும் சோதனைச்சாலை காச நோயாளிக்கும் உதவுவதுதான். கிருமியை வளர்த்துப் பெயர் சொல்ல ஆகும் செலவு, தவறான மருந்தை ஆறு மாதம் கொடுக்கும் செலவைவிடப் பெரிதா?

இதற்கு முன்னுதாரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. 1956-ல் சென்னையில் காச நோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சிக்கென ஒரு நிலையம் தொடங்கப்பட்டது. நெரிசலான வீடுகளில், போதிய உணவின்றி வாழ்ந்த ஏழை நோயாளிகள், சானடோரியத்தில் படுத்திருந்தவர்களைப் போலவே வீட்டிலிருந்தே குணமாக முடியும் என்று 1959-ல் வெளியான அதன் ஆராய்ச்சி உலகத்துக்கு நிரூபித்தது. அது சாத்தியமானது எதனால்? மருந்து இலவசமாகக் கிடைத்தது. மாதந்தோறும் ஒவ்வொருவரின் சளியையும் வளர்த்துப் பார்த்தார்கள். ஏழையின் சளிக்கும் முதல்தரமான சோதனைச்சாலை கிடைத்தபோது உலக மருத்துவமே மாறியது. அதே நீதி ஏழையின் புண்ணுக்கும் கிடைக்கக் கூடாதா?

நாம் கோருவது

முதலாவதாக, ஆபரேஷனுக்கோ ஊசிக்கோ பிறகு மூன்று வாரம் தாண்டியும் ஆறாத ஒவ்வொரு புண்ணிலிருந்தும் ஆழத்துத் திசு எடுத்து, மைக்கோபாக்டீரியத்துக்காகத் தனியே வளர்த்துப் பார்க்க வேண்டும். உயிருக்கு ஆபத்தான நிலை இல்லாதபோது, பெயர் தெரியுமுன் மாதக்கணக்கான மருந்து தொடங்கக் கூடாது.

இரண்டாவதாக, மாவட்டத்துச் சோதனைச்சாலைகள் வளர்த்த கிருமியின் இனத்தைப் பிரித்துச் சொல்லவும், மருந்துச் சோதனை செய்யவும், பெரிய நிலையங்களுக்குச் செலவின்றி அனுப்பிப் பதில் பெற ஏற்பாடு வேண்டும். காச நோய் மருந்தை இலவசமாகக் கொடுக்கும் சர்க்கார், இந்த நோய்க்கு வேண்டிய மருந்தையும் இலவசமாகக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவதாக, நீராவியைத் தாங்கும் கருவிகளை நீராவியிலேயே கிருமி நீக்க வேண்டும். அதற்கு முன் அவற்றைக் கழற்றித் தூரிகையால் உட்புறம் வரை கழுவியிருக்க வேண்டும். உறைந்த இரத்தத்துக்கு அடியில் கிருமி பத்திரமாக இருக்கும். கடைசி அலசலுக்குக் கிருமி நீக்கிய தண்ணீரே வேண்டும். இந்த வேலைக்குப் போதிய கருவியும், ஆளும், பயிற்சியும், நியாயமான சம்பளமும் கொடுக்க வேண்டும். தனியார் ஆஸ்பத்திரிக்கும் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கும் ஒரே விதி.

நான்காவதாக, ஓர் ஆஸ்பத்திரியில் இப்படி இரண்டு பேருக்கு வந்தாலே அது சுகாதார இலாகாவுக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். எண்ணிக்கை பொதுமக்களுக்கு வெளியிடப்பட வேண்டும்.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டிலோ, உங்கள் தெருவிலோ ஆபரேஷன் தழும்பு மாதக்கணக்கில் கசிந்துகொண்டிருந்தால், அதைத் தலைவிதி என்று விட்டுவிடாதீர்கள். மருந்துக் கடையில் மாத்திரை மாற்றி மாற்றி வாங்காதீர்கள். டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: "கிருமியை வளர்த்துப் பார்த்தீர்களா? எத்தனை நாள் வைத்துப் பார்த்தீர்கள்? அதன் பெயர் என்ன?" நல்ல டாக்டர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். பதில் சொல்ல அவரிடம் சோதனைச்சாலை இல்லையென்றால், அதைக் கேட்டு வாங்குவதில் அவரும் நம்மோடு நிற்க வேண்டியவர்தான்.